மிதிலைப் பெண்களின் சித்திரம் சுவரிலிருந்து சந்தைக்கு வந்த வரலாறு



நம் கூட்டமைப்பு வளர்ந்த கதையை இந்த மலரில் பலரும் எழுதுவாங்க. நான் வேற ஒரு ஊர்ப் பெண்களோட வரலாற்றை எழுதலாம்னு எடுத்துக்கிட்டேன். அவங்களும் நம்மைப் போல வீட்டு வேலையும் வயல் வேலையும் பார்த்தவங்கதான். கையில் இருந்த ஒரு வித்தையை விற்று முன்னுக்கு வந்தவங்க. அதில் ஏமாந்ததும் உண்டு, ஜெயிச்சதும் உண்டு. அந்த வரலாறு நமக்கு எதுக்குன்னு கேட்டா, போன வருஷம் எங்க குழுவுக்கு நடந்ததை முதல்ல சொல்லணும்.

எங்க குழுவில் ஆறு பேர் சேர்ந்து துணிப்பையில் கோலம் வரைஞ்சு விற்கிறோம். மஞ்சப்பையைப் பற்றி அரசாங்கம் பேச ஆரம்பிச்ச பிறகு தொடங்கின தொழில். டவுனில் ஒரு கடைக்காரர் இருநூறு பை கேட்டார். ஒரு பைக்கு 60 ரூபாய்னு பேசினார். மொத்தமா 12,000 ரூபாய் வருதேங்கிற சந்தோஷத்தில் சரின்னு சொல்லிட்டோம். அப்புறம்தான் கணக்குப் பார்த்தோம். வெறும் பை 35 ரூபாய். பெயின்ட், பிரஷ் செலவு 8 ரூபாய். மிச்சம் 17 ரூபாய். ஒரு பை வரைய ஒன்றரை மணி நேரம் குனிஞ்சு உட்காரணும். ஒரு நாளைக்கு அஞ்சு பை முடிச்சாலும் 85 ரூபாய்தான். நூறு நாள் வேலைக்குப் போனாக்கூட அதைவிட அதிகமாக் கிடைக்கும்.

பணம் வர ரெண்டு மாசம் ஆச்சு. அடுத்த ஆர்டர் வரவே இல்லை. என்னன்னு போய்ப் பார்த்தா, எங்க கோலத்தையே போட்டோ எடுத்து அச்சடிச்ச பை அதே கடையில் தொங்குது. அது எங்க மாமியார் எனக்குச் சொல்லிக் கொடுத்த சிக்குக் கோலம். அவங்களுக்கு அவங்க அம்மா சொல்லிக் கொடுத்தது. கேட்டதுக்கு, "கோலத்துல உங்க பேரா எழுதியிருக்கு?"ன்னு கடைக்காரர் சொன்னார். பதில் சொல்லத் தெரியாம திரும்பி வந்துட்டோம்.

அதுக்கப்புறம் சில மாசம் கழிச்சு சரஸ் கண்காட்சிக்குப் போனோம். எல்லா மாநிலத்து மகளிர் குழுக்களும் கடை போடுற கண்காட்சி அது. எங்களுக்குப் பக்கத்து ஸ்டால் பீகார். மதுபனி ஓவியம் விற்க ரெண்டு பேர் வந்திருந்தாங்க. எங்க குழுவில் ஒருத்தி திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை பார்த்தவ. வடநாட்டு ஆட்களோட பழகினதால கொஞ்சம் இந்தி பேசுவா. அவ மூலமாத்தான் பேச்சு ஆரம்பிச்சது. காலையில் எங்க ஸ்டால் முன்னாடி நான் மாக்கோலம் போட்டதைப் பார்த்து, அந்த அம்மா கையைத் தட்டிச் சிரிச்சு "அரிபன், அரிபன்"னாங்க. அவங்க ஊர்லயும் அரிசியை அரைச்சு, விரலால் தொட்டுத் தரையில் கோலம் போடுவாங்களாம். அதுக்கு அந்தப் பேராம். அங்கே இருந்த நாலு நாள்ல அவங்க சொன்னதும், வீட்டுக்கு வந்த பிறகு நூலகத்திலும் போனிலும் தேடிப் படிச்சதும் சேர்த்துத்தான் இந்தக் கட்டுரை.

சுவரில் இருந்த காலம்

ராமாயணத்தில் சீதை பிறந்த மிதிலை நமக்குத் தெரியும். அது இப்போது பீகாரின் வடபகுதியிலும் நேபாளத்திலும் பரவியிருக்கிற பகுதி. மதுபனி அங்கே ஒரு மாவட்டம். மதுபனி ஊருக்குப் பக்கத்தில் ஜித்வார்பூர், ராந்தி என்று கிராமங்கள் இருக்கின்றன.

அந்தக் கிராமங்களில் கல்யாண வீட்டில் ஓர் அறைக்கு கோஹ்பர் என்று பெயர். புது மாப்பிள்ளையும் பெண்ணும் தங்கும் அறை. அதன் சுவரில் பெண்கள் தாமரை, மூங்கில், மீன், கிளி, ஆமை, சூரியன், சந்திரன் எல்லாம் வரைவார்கள். வம்சம் தழைக்க வேண்டும் என்பதற்காக வரைவது. மண்ணும் சாணமும் பூசின சுவர், விளக்குக் கரி, மஞ்சள், இலைச்சாறு, அரிசிமாவு, மூங்கில் குச்சியில் பஞ்சு சுற்றிய தூரிகை, இவ்வளவுதான் சாமான். அம்மாவிடம் மகள் கற்றுக்கொள்வாள். யாரும் கூலி கேட்கவில்லை, யாரும் கொடுக்கவும் இல்லை. நம் வாசல் கோலத்துக்கு யார் கூலி கொடுக்கிறார்கள், அது போலத்தான். அடுத்த விசேஷத்துக்குச் சுவரை மெழுகினால் பழைய சித்திரம் போய்விடும்.

வீட்டுக்குள் இருந்த அந்தச் சித்திரத்தை வெளி ஆட்கள் பார்த்ததே ஒரு துக்கத்தில்தான். 1934 ஜனவரி 15ஆம் தேதி பீகாரில் பெரிய பூகம்பம் வந்தது. அப்போது மதுபனியில் அதிகாரியாக இருந்த டபிள்யூ.ஜி. ஆர்ச்சர் என்ற வெள்ளைக்காரர், சேதம் பார்க்கப் போனார். இடிந்த வீடுகளின் உள்சுவர்கள் வெளியே தெரிந்தன. அதில் இருந்த சித்திரங்களைக் கண்டு ஆச்சரியப்பட்டு, பின்னால் போட்டோவும் எடுத்தார். 1949இல் 'மார்க்' என்ற கலை இதழில் கட்டுரை எழுதினார். படித்தவர்களுக்கு அந்தக் கலை தெரிய வந்தது. வரைந்த பெண்களுக்கு அதனால் ஒரு பைசா வரவில்லை. அவர்கள் பெயரும் வெளியே தெரியவில்லை.

பஞ்ச காலத்தில் வந்த காகிதம்

1966, 67இல் பீகாரில் மழை பொய்த்துக் கடும் பஞ்சம் வந்தது. வயலில் வேலை இல்லை. அப்போது அகில இந்தியக் கைவினை வாரியத்தில் பொறுப்பில் இருந்தவர் புபுல் ஜெயகர் என்ற அம்மையார். சுவரில் வரைகிற இந்தப் பெண்களைக் காகிதத்தில் வரைய வைத்தால் விற்கலாம், நாலு காசு கிடைக்கும் என்று யோசித்து, பம்பாயைச் சேர்ந்த பாஸ்கர் குல்கர்னி என்ற ஓவியரை மதுபனிக்கு அனுப்பினார். அவர் காகிதக் கட்டோடு வீடு வீடாகப் போய்க் கேட்டார்.

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. வெளியூர் ஆம்பளை ஒருத்தர் வந்து, "நீங்க சுவத்துல வரையறதை இந்தத் தாள்ல வரைஞ்சு கொடுங்க, காசு தர்றேன்"னு சொன்னா நம்ம வீட்டில் என்ன சொல்லுவாங்க? சாமி காரியத்துக்கு வரையறதை விற்பதான்னு கேட்பாங்க. அங்கேயும் எல்லாரும் முன்வரவில்லை. முன்வந்தவங்க சில பேர்தான். அவங்களில் ஜித்வார்பூரைச் சேர்ந்த சீதா தேவி, ஜகதம்பா தேவி ரெண்டு பேரும் முக்கியமானவங்க.

ஜகதம்பா தேவிக்கு 1975இல் பத்மஸ்ரீ கிடைத்தது. மதுபனி ஓவியத்துக்காக அந்த விருது வாங்கிய முதல் ஆள் அவர்தான். சீதா தேவிக்கு 1981இல் கிடைத்தது. பஞ்ச நிவாரணமாகத் தொடங்கியது பத்து வருஷத்துக்குள் டெல்லி வரை போய்விட்டது.

இதில் எனக்குப் பட்டது ஒன்று. வித்தை புதுசா வரவில்லை. அது நூற்றுக்கணக்கான வருஷமா அங்கேதான் இருந்தது. மாறினது சுவர் காகிதமானது மட்டும்தான். சுவரைத் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போக முடியாது. காகிதத்தைச் சுருட்டிப் பையில் வைக்கலாம். நம்மிடம் இருக்கிற வித்தையை வாங்குகிறவர் கையில் எடுத்துப் போகிற மாதிரி மாற்றுவதுதான் விற்பனையில் முதல் படி. நாங்க வாசல் கோலத்தைப் பைக்குக் கொண்டுவந்ததும் அதே மாதிரிதான்.

இடைத்தரகர் வந்த காலம்

பேர் வந்ததும் வியாபாரிகள் வந்தார்கள். 1970களில் டெல்லியில் இருந்து வந்து மொத்தமாகப் படம் வாங்கினார்கள். வாங்குகிறவர்களுக்குத் தெரிந்தது ராமாயணக் காட்சியும் ராதை கிருஷ்ணரும்தான். அதனால் அதையே வேகமாக, நிறைய வரைந்து கொடு என்றார்கள். கொடுத்த விலை மிகவும் குறைவு. படம் எந்தக் கடைக்குப் போகுது, என்ன விலைக்கு விற்குதுன்னு வரைந்த பெண்ணுக்குத் தெரியாது. விலை குறையக் குறைய அதிகமாக வரைய வேண்டியிருந்தது. அவசரமாக வரைய வரையத் தரம் குறைந்தது. தரம் குறைந்ததும் விலை இன்னும் இறங்கியது. செக்கு மாடு மாதிரி அதிலேயே பலரும் சுற்ற வேண்டியதாயிற்று.

இந்த இடத்தைப் படிச்சப்போ எனக்கு எங்க இருநூறு பைதான் ஞாபகம் வந்தது. கடைசி அம்பது பையில் நாங்களும் கோலத்தோட இழையைக் குறைச்சோம். நேரம் இல்லை. விலை குறைச்சுப் பேசினதால வேலையையும் குறைச்சோம். தப்பு ரெண்டு பக்கமும்தான்.

மதுபனியில் இதற்கு ஒரு மாற்று வந்தது. ரேமண்ட் ஓவன்ஸ் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1970களில் அங்கே வந்து தங்கி, ஓவியர்களோடு பழகினார். 1977இல் ஓவியர்கள் சேர்ந்து ஒரு சங்கம் அமைக்க அவரும் எரிகா மோசர் என்ற ஜெர்மானிய அம்மையாரும் உதவினார்கள். ஓவன்ஸ் அவசரம் இல்லாமல் நன்றாக வரைந்த படத்துக்கு நல்ல விலை கொடுத்து வாங்கினார். அதை வெளிநாட்டில் விற்று, வந்த லாபத்தைத் திரும்ப ஓவியர்களுக்கே கொண்டுவந்து கொடுத்தார். அந்த வழியில் உருவான அறக்கட்டளைதான் பிறகு 2003இல் மதுபனியில் இலவசமாக ஓவியம் கற்றுத் தருகிற பள்ளியும் தொடங்கியது.

நல்ல விலை கிடைக்கும் என்று தெரிந்த பிறகு பெண்கள் நிதானமாக வரைந்தார்கள். ராமாயணம் மட்டும் இல்லாமல் தங்கள் மனதில் இருந்ததையும் வரைய ஆரம்பித்தார்கள்.

தன் கதையை வரைந்தவர்கள்

ஆரம்பத்தில் காகிதத்தில் வரைந்து பேர் வாங்கியவர்கள் பிராமண, காயஸ்தப் பெண்கள். அதே ஊரில் தனித் தெருவில் இருந்த துசாத் என்ற பட்டியல் சாதிப் பெண்களுக்கு அந்த வாய்ப்பு பின்னால்தான் வந்தது. 1970களில் எரிகா மோசர் அவர்களையும் வரையச் சொன்னார். அவர்கள் மற்றவர்கள் வரைந்ததைப் பார்த்து அப்படியே வரையவில்லை. தங்கள் குலசாமியான ராஜா சல்ஹேஸ் கதையை வரைந்தார்கள். கையிலும் காலிலும் பச்சை குத்துகிற கோடுகளையும் புள்ளிகளையும் எடுத்துக் காகிதத்தில் வரிசை வரிசையாகப் போட்டார்கள். அதற்கு கோத்னா என்று பெயர். பச்சை குத்துதல் என்றுதான் அர்த்தம். காகிதத்தில் சாணிக் கரைசல் பூசி அதன் மேல் வரைந்ததால் மண்சுவர் நிறம் வந்தது. சானோ தேவி போன்றவர்கள் இந்த முறையில் பேர் எடுத்தார்கள். இன்று பார்த்தவுடனே இது கோத்னா என்று சொல்லும்படி அது தனி வகையாக நிற்கிறது.

கங்கா தேவி கதையைப் படிச்சு நான் அழுதுட்டேன். காயஸ்தப் பெண். குழந்தை தங்கவில்லை, கணவர் வேற கல்யாணம் செய்துகொண்டார். மெல்லிய கோட்டாலேயே முழுப் படத்தையும் வரைகிற கச்னி முறையில் அவரை மிஞ்ச ஆள் இல்லை என்பார்கள். 1984இல் பத்மஸ்ரீ. 1985இல் இந்தியத் திருவிழாவுக்காக அமெரிக்கா போனார். அங்கே ராட்டினம் மாதிரி மேலே ஏறி இறங்கும் ரோலர் கோஸ்டர் வண்டியைப் பார்த்து அதையும் தன் கோட்டிலேயே வரைந்தார். பிறகு புற்றுநோய் வந்தது. டெல்லியில் வைத்தியம் பார்த்தபோது ஆஸ்பத்திரி, டாக்டர், கட்டில், தான் பட்ட வேதனை எல்லாவற்றையும் தொடர் படங்களாக வரைந்தார். அந்த உடம்போடு டெல்லி கைவினை அருங்காட்சியகத்தில் ஒரு கோஹ்பர் அறையையும் சுவரில் வரைந்து கொடுத்தார். 1991இல் காலமானார்.

அந்தச் சுவர் ஓவியம் 2015இல் அருங்காட்சியகத்தைப் புதுப்பிக்கும்போது அழிந்துபோனது. பலர் வருத்தப்பட்டு எழுதினார்கள். ஆனால் அவர் காகிதத்தில் வரைந்தவை இருக்கின்றன, அவர் பெயரில் புத்தகம் இருக்கிறது. சுவரில் மட்டும் வரைந்திருந்தால் எதுவும் மிஞ்சியிருக்காது.

கையெழுத்துப் போடக் கற்ற கதை

இந்த வரலாற்றில் நமக்கு நெருக்கமானவர் துலாரி தேவி. ராந்தி கிராமம், மீனவக் குடும்பம். பள்ளிக்கூடம் போகாதவர். சின்ன வயதிலேயே கல்யாணமாகி, குழந்தையையும் பறிகொடுத்து, பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்தார். வீட்டு வேலைக்குப் போன இடம் ஓவியர் வீடு. மகாசுந்தரி தேவி, கர்பூரி தேவி ஆகியோரிடம் இருந்து வரையக் கற்றுக்கொண்டார். மகாசுந்தரி தேவிக்கு 2011இல் பத்மஸ்ரீ. அவர்களிடம் கற்ற துலாரி தேவிக்கு 2021இல் பத்மஸ்ரீ. துலாரி தேவி தன் வாழ்க்கைக் கதையையே படங்களாக வரைந்திருக்கிறார். அதைப் புத்தகமாகப் போட்டது நம் சென்னையில் இருக்கிற தாரா புக்ஸ் பதிப்பகம். படிக்காத அவர், தன் பெயரைக் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டார்.

2025 பிப்ரவரி 1ஆம் தேதி நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் பட்ஜெட் படிக்கும்போது வெள்ளை நிறத்தில் மீன் வரைந்த சேலை கட்டியிருந்தாங்களே, டிவியில் பார்த்திருப்பீங்க. அது துலாரி தேவி கொடுத்த சேலை. அடுத்த நாள் எல்லாப் பத்திரிகையிலும் அமைச்சர் பெயரோட துலாரி தேவி பெயரும் வந்தது.

சுவரில் வரைஞ்ச பாட்டிகள் யாருக்கும் பேர் கிடையாது. வீட்டு வேலை செய்த இவர் பேர் நாடு முழுக்கத் தெரியுது. எப்படி? வரைகிற படத்தில் பெயர் எழுதுகிற பழக்கம் வந்ததால்தான். எங்க பக்கத்து ஸ்டால் அம்மாவும் ஒவ்வொரு படத்திலும் ஓரத்தில் தன் பெயர், ஊர் பெயர், வருஷம் எழுதியிருந்தாங்க. பத்து ரூபாய்க்கு வைத்த சின்ன அட்டையில்கூட எழுதியிருந்தாங்க. "பேர் இல்லாத படம் தெருவில் போற ஆடு மாதிரி, யார் வேணா பிடிச்சுக்குவாங்க"ன்னு சொன்னாங்களாம். எங்க ஆள் மொழிபெயர்த்துச் சொன்னப்போ எங்களுக்கு அந்தக் கடைக்காரர் கேட்ட கேள்விதான் காதில் கேட்டது.

ஊருக்கும் ஒரு பெயர் உண்டு. 2007இல் மதுபனி ஓவியத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நம் பக்கம் பத்தமடைப் பாய்க்கும் மதுரை சுங்குடிக்கும் அது இருக்கிறது. ஊர்ப் பேரைச் சொல்லி வேற ஆட்கள் போலி விற்கக் கூடாது என்பதற்காகக் கொடுப்பது. ஆனால் குறியீடு வந்தாலும் ஓவியம் போல அச்சடித்த துணியும் தட்டும் இன்றும் சந்தையில் குவிகிறது. அச்சு எது, கையால் வரைந்தது எது என்று வாங்குகிறவருக்கு நாம்தான் எடுத்துச் சொல்லணும். அந்த அம்மா ஸ்டாலில் சும்மா உட்காரவே இல்லை. யார் வந்தாலும் பேசிக்கொண்டே வரைவாங்க. கை ஓடுறதைப் பார்த்த பிறகு ஒருத்தரும் விலை குறைக்கச் சொல்லலை.

நாங்கள் திரும்பி வந்து செய்தது

ஊருக்கு வந்து குழுக் கூட்டத்தில் பேசினோம். முதல்ல விலை. வெறும் பையும் பெயின்டும் 43 ரூபாய். ஒன்றரை மணி நேர வேலைக்கு 75 ரூபாய். பஸ், சேதாரம் எல்லாம் சேர்த்து 12 ரூபாய். ஆகமொத்தம் 130. இதுக்குக் கீழே யாருக்கும் கொடுப்பதில்லை, நேரா விற்றால் 160 என்று தீர்மானம் எழுதி ஆறு பேரும் கையெழுத்துப் போட்டோம். 160 கொடுக்க முடியாதவங்களுக்குச் சின்னச் சுருக்குப்பை 50 ரூபாய்க்கு. மதுபனி அம்மா பத்து ரூபாய் அட்டையில் இருந்து பெரிய படம் வரைக்கும் வைத்திருந்ததைப் பார்த்துக் கற்றது இது.

அடுத்தது பேர். பையின் உள்பக்கம் குழு பெயரும் ஊரும், கோலத்தின் ஓரத்தில் வரைந்தவர் பெயரும் எழுதுறோம். இதுக்கு ஒரு சண்டையே நடந்தது. "கோலத்துல போய்ப் பேரா? திமிர்னு நினைப்பாங்க"ன்னு எங்க மதினி சொன்னாங்க. கடைசியில் சின்ன எழுத்தில் எழுதலாம்னு ஒத்துக்கிட்டாங்க. இப்போ அவங்க பேர்தான் எல்லாரையும்விடப் பெரிசா இருக்கு.

மூணாவது ஒரு நோட்டு. யார் யார் வீட்டுக் கோலம், யார் சொல்லிக் கொடுத்தது, எந்தத் தேதியில் எந்தப் பையில் வரைந்தோம்னு எழுதி வைக்கிறோம். முதல் பக்கத்தில் எங்க மாமியாரோட சிக்குக் கோலம். அவங்க பேரை எழுதிக் காட்டினேன். ஒண்ணும் சொல்லலை, ரொம்ப நேரம் நோட்டைக் கையில் வச்சிருந்தாங்க.

இதனால் நாங்க பணக்காரர் ஆகிடலை. முன்ன இருநூறு பை விற்றோம். புது விலையில் மூணு மாசத்தில் எழுபது பைதான் போயிருக்கு. ஆனா ஒவ்வொரு பைக்கும் கூலி நம்ம கையில் நிற்குது. கண்ணும் இடுப்பும் பழைய மாதிரி வலிக்கலை. கல்யாண வீட்டுத் தாம்பூலப் பைக்கு ரெண்டு பேர் விசாரிச்சிருக்காங்க. பொண்ணு மாப்பிள்ளை பேரோட வரைஞ்சு தர்றோம்னு சொல்லியிருக்கோம்.

கூட்டமைப்புக்கு ஒரு கோரிக்கை. நம்ம ஊராட்சிகளில் ஓலைப்பெட்டி பின்னுறவங்க, மண்பாண்டம் செய்யறவங்க, ஆரி வேலை செய்யறவங்க எத்தனையோ பேர் இருக்காங்க. தனித்தனியா வியாபாரியிடம் போனா விலை இறங்கும். ஜித்வார்பூர் ஓவியர்கள் சேர்ந்த மாதிரி நாமளும் சேர்ந்து ஒரே இடத்தில் விலை பேசணும். செய்தவர் பேர் ஒட்டாம ஒரு பொருளும் வெளியே போகக் கூடாது. அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாக் கொண்டு வரணும்னு கேட்டுக்கிறேன்.

"கோலத்துல உங்க பேரா எழுதியிருக்கு?"ன்னு இனி யாராவது கேட்டா, ஆமா, இதோ பாருங்கன்னு பையைத் திருப்பிக் காட்டுவோம்.

வாழ்க நம் ஒற்றுமை. வளர்க நம் கூட்டமைப்பு.